எரிந்த அரங்கமும் எட்டுப் பெண்களும்

வல்லவர் வெல்வதும் எளியவர் தோற்பதும் உலகில் அன்றாடம் நிகழ்வன. அவற்றை எவரும் எழுதி வைப்பதில்லை. எளியவர் வெல்லும் நாள் எப்போதோ ஒருமுறை வருகிறது. அதனைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி மகிழ்கிறோம். தாவீதின் கவணை அறியாத கிறிஸ்தவக் குழந்தை உண்டோ? எனினும், அவ்வரலாற்றைக் கேட்கும்போதெல்லாம் கல் பட்டுக் கோலியாத்து வீழ்ந்த நொடியே நம் கண்முன் நிற்கிறது. அதற்கு முன்பு ஆட்டு மந்தையின் நடுவே, எவர் கண்ணிலும் படாமல், அச்சிறுவன் கவண் எறிந்து பழகிய நாட்களை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அமெரிக்க நாட்டில் அருட்கன்னியர் நடத்திய சிறியதொரு பெண்கள் கல்லூரி, 1972-ஆம் ஆண்டில் கூடைப்பந்து ஆட்டத்தில் நாட்டின் முதலிடத்தைப் பெற்ற வரலாற்றை இங்கே வாசகர்களுக்குச் சொல்ல விழைகிறோம். இதில் வெற்றி உண்டு. அவ்வெற்றிக்குப் பின் நிகழ்ந்த, பலரும் சொல்லாமல் விடுகின்ற மற்றொரு பகுதியும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இதன் முழுப்பொருள் விளங்கும்.

கூரை இழந்த குழு

பென்சில்வேனியா மாநிலத்தில், பிலடெல்பியா மாநகருக்கு மேற்கே, அன்று இம்மாக்குலாட்டா கல்லூரி எனப்பட்ட கல்வி நிலையம் அமைந்துள்ளது. 'மாசற்றவள்' என்பது அப்பெயரின் பொருள். மரியாயின் மாசற்ற இருதயத்தின் ஊழியர் எனப் பெயர் பூண்ட கன்னியர் சபையினர் 1920-இல் அதனைத் தொடங்கினர். பிலடெல்பியா உயர்மறைமாவட்டத்துப் பங்குப் பள்ளிகள் பலவற்றில் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து வந்தவர்களும் இச்சபையினரே.

அப்பகுதிக் கத்தோலிக்கப் பள்ளிகளில் பெண்பிள்ளைகள் கூடைப்பந்து ஆடுவது நெடுநாளைய வழக்கம். பங்குப் பள்ளியின் முற்றத்தில் தொடங்கும் ஆட்டம் உயர்நிலைப் பள்ளியில் முதிர்ந்தது. பள்ளிக்குப் பள்ளி போட்டி நடந்தது. பெற்றோரும் ஆசிரியைகளான கன்னியரும் திரண்டு வந்து கண்டனர். ஆதலின் இம்மாக்குலாட்டாவுக்கு வந்த பெண்கள் பலருக்கு அவ்வாட்டம் சிறுவயது முதலே கைவந்த கலையாக இருந்தது. நாட்டின் பிற பகுதிகளில் பெண்கள் ஓடி ஆடுவதே தகுமா என்று பெரியோர் வாதிட்டுக்கொண்டிருந்த காலத்தில், இங்கே பங்கு மக்கள் அதனை இயல்பாக ஏற்றிருந்தனர். இதனை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். பின்னால் வந்த வெற்றியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

1967-இல் அக்கல்லூரியின் விளையாட்டு அரங்கம் தீப்பற்றி எரிந்து போயிற்று. உடனே புதிது கட்டும் வசதி இல்லை. அன்றுமுதல் அக்குழுவுக்குச் சொந்த ஆடுகளம் கிடையாது. கன்னியர் இல்லத்தின் அடித்தளத்தில் இருந்த சிறு கூடத்தில் பயிற்சி. ஆட்டங்களோ பிறர் இடத்தில். பஞ்சமும் பெருமழையும் வந்தால் உழவன் நிலத்தை விட்டுவிடுவதில்லை. அவ்வாறே இப்பெண்களும் ஆட்டத்தை விட்டுவிடவில்லை.

1970-இல் கேத்தி ரஷ் என்னும் 23 வயதுப் பெண் பயிற்சியாளராக வந்தார். அவர் கத்தோலிக்கர் அல்லர்; வேறொரு கிறிஸ்தவ சபையில் வளர்ந்தவர். அருகிலிருந்த வெஸ்ட் செஸ்டர் அரசுக் கல்லூரியில் பயின்றவர். அவர் கணவர் தொழில்முறைக் கூடைப்பந்து ஆட்டங்களில் நடுவராக இருந்தார். ஓராண்டுப் பணிக்கு அவருக்குக் கிடைத்த ஊதியம் 450 டாலர். அக்காலத்துக்கும் அது சொற்பமே. முதல் ஆண்டிலேயே அவருடைய குழு 12 ஆட்டங்களில் 10-ஐ வென்றது.

இன்னொரு தீயையும் இங்குக் குறிப்பிட வேண்டும். தெரேசா ஷாங்க் என்னும் நெடிய பெண், மேரிலாந்து மாநிலத்திலுள்ள வேறொரு கல்லூரியில் உதவித்தொகை பெற்றுப் படிக்கச் செல்வதாக இருந்தார். அவ்வேளையில் அவர்கள் குடும்பத்தின் வீடு எரிந்தது, உடைமைகள் அழிந்தன. மூத்த மகள் தொலைவில் சென்று தங்கிப் படிக்க இயலாத நிலை. வீட்டிலிருந்தே போய்வரத்தக்க கல்லூரியாக இம்மாக்குலாட்டாவில் சேர்ந்தார். அரங்கம் எரிந்த கல்லூரிக்கு, வீடு எரிந்த பெண் வந்து சேர்ந்தார். அக்குழுவின் நடுநாயகமாக விளங்கப் போகிறவர் அவரே என்று அன்று எவர் அறிவார்?

மாறிய விதிகள்

கூடைப்பந்தாட்டத்தை 1891-இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் உருவாக்கினார். சில மாதங்களிலேயே பெண்களும் ஆடத் தொடங்கினர். ஆயினும் அவர்களுக்கெனத் தனி விதிகள் வகுக்கப்பட்டன. ஆடுகளத்தைக் கோடிட்டுப் பிரித்து, இன்னார் இந்தப் பகுதியைத் தாண்டலாகாது என்றனர். முழுக் களத்திலும் ஓடினால் பெண்ணின் உடல் தாங்காது என்பது அக்காலத்தார் எண்ணம். வயலில் நாள் முழுதும் குனிந்து நாற்று நடும் பெண்ணையோ, இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடம் சுமக்கும் பெண்ணையோ அவர்கள் கண்டதில்லை போலும்!

1971-இல்தான் கல்லூரிப் பெண்களும் ஆண்களைப் போலவே ஐவர் ஐவராக முழுக்களத்திலும் ஆடலாம் என்னும் விதி நிலைபெற்றது. அதே ஆண்டில் கல்லூரிப் பெண்களின் விளையாட்டுக்கென நாடு தழுவிய கழகம் ஒன்றும் அமைந்தது. அக்கழகம் நடத்திய முதல் தேசியக் கூடைப்பந்துப் போட்டிதான் 1972 மார்ச்சில் நடைபெற்றது. ஆகவே, இம்மாக்குலாட்டாப் பெண்கள் புறப்பட்ட காலம், கதவு சற்றே திறந்த காலம்.

முப்பத்திரண்டு புள்ளித் தோல்வி

1971-72 ஆட்டக்காலத்தில் அவர்கள் ஆடிய ஆட்டமெல்லாம் வென்றார்கள். மடிப்பு வைத்துத் தைத்த கம்பளித் துணி அங்கியே அவர்கள் சீருடை. ஓடி வியர்க்கும் ஆட்டத்துக்குச் சற்றும் பொருந்தாத ஆடை அது. அதனைக் கண்டு பிறர் நகைத்தனர். ஆட்டம் தொடங்கியபின் நகைப்பு அடங்கிற்று.

ஒரு வீராங்கனையின் தந்தை இரும்புச் சாமான் கடை நடத்தி வந்தார். அவர் கடையிலிருந்து தகர வாளிகளும் மரக்கோல்களும் வந்தன. அரங்கின் ஓரத்தில் அமர்ந்து அவற்றை ஓங்கித் தட்டி உற்சாகப்படுத்தியோர் வரிசையில் கருப்பு முக்காடு அணிந்த கன்னியரும் இருந்தனர். மௌனத்துக்குப் பழகிய அக்கைகள் எழுப்பிய முழக்கம் எதிர்க் குழுவினரைக் கலங்கச் செய்தது என்பர்.

தேசியப் போட்டிக்கு முன்னர் மண்டலப் போட்டி நடைபெற்றது. அதன் இறுதியாட்டத்தில் இம்மாக்குலாட்டாவை எதிர்த்து நின்றது வெஸ்ட் செஸ்டர். உடற்பயிற்சி ஆசிரியர்களை உருவாக்குவதில் பேர்பெற்ற கல்லூரி அது. பெண்களுக்கான தேசியக் கூடைப்பந்துப் போட்டி என்னும் எண்ணத்தையே 1969-இல் செயலாக்கி, தன் இடத்திலேயே முதன்முதல் நடத்தி, தானே வென்றதும் அக்கல்லூரிதான். அன்றைய ஆட்டத்தில் வெஸ்ட் செஸ்டர் 70 புள்ளி; இம்மாக்குலாட்டா 38. வேறுபாடு 32.

இத்தகைய தோல்வி ஒரு குழுவின் முதுகெலும்பை முறித்துவிடும். 'நாம் வென்றதெல்லாம் எளியோரை வென்றதே. வலியோர் வந்ததும் நம் அளவு தெரிந்துவிட்டது' என்று மனம் சொல்லும். பள்ளித் தேர்வில் ஒருமுறை தவறிய பிள்ளையின் உள்ளத்திலும், தொழிலில் ஒருமுறை நொடித்த தகப்பனின் உள்ளத்திலும் எழுகின்ற அதே குரல்தான் அது. மண்டலத்தில் இரண்டாமிடம் பெற்றோர் என்னும் முறையில் தேசியப் போட்டியில் நுழைய இம்மாக்குலாட்டாவுக்கு உரிமை கிடைத்தது. தகுதி வரிசையில் அவர்களுக்குக் கிடைத்த இடம், 16 குழுக்களில் 15-ஆவது. போகாமலே இருந்திருந்தாலும் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

எட்டுப் பேருக்கே வழிச்செலவு

போட்டி நடந்த இடம் இல்லினாய் மாநிலத்தில், நார்மல் என்னும் ஊரிலிருந்த பல்கலைக்கழகம். அத்தனை தொலைவு செல்லக் கல்லூரியிடம் பணம் இல்லை. மாணவிகள் பல் துலக்கும் பிரஷ்களை வீடு வீடாக விற்றுக் காசு சேர்த்தனர். சேர்ந்த பணம் எட்டு ஆட்டக்காரிகளுக்கே போதுமானதாயிற்று. குழுவின் எஞ்சிய பெண்கள் ஊரிலேயே தங்கினர். ஆண்டு முழுதும் உடன் உழைத்துவிட்டு, திருவிழா நாளில் வாசலில் நின்று வழியனுப்பிய அவர்களையும் இவ்வெற்றியின் பங்காளிகளாகவே நாம் எண்ண வேண்டும்.

இருக்கை காலியாக இருந்தால் மட்டுமே ஏறலாம் என்னும் சலுகைச் சீட்டில் அவர்கள் விமானம் ஏறினர். தங்கியது ஓர் அறைக்குப் பலராக. சீருடை ஆளுக்கு ஒன்றே. இரவில் கை கழுவும் தொட்டியில் அலசிக் காயவைத்து, மறுநாள் அதையே அணிந்தனர்.

முதல் ஆட்டத்தில் தெற்கு டகோட்டாவை 60-47 என வென்றனர். கால் இறுதியில் இண்டியானா மாநிலப் பல்கலைக்கழகத்தை 49-47 என, இரண்டே புள்ளியில் கடந்தனர். அரையிறுதியில் எதிரே நின்றது மிசிசிப்பி மாநிலப் பெண்கள் கல்லூரி. முந்திய ஆண்டின் தேசிய வாகையர். அவர்களையும் 46-43 என வீழ்த்தினர். மூன்று ஆட்டங்களிலும் எதிரிகள் ஐம்பதைத் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். அள்ளி எறிந்து வென்றவர்கள் அல்லர் அவர்கள். காத்து நின்று வென்றவர்கள்.

இறுதியாட்டத்துக்கு வந்த மற்றொரு குழு எது? அதே வெஸ்ட் செஸ்டர்! இரு கல்லூரிகளுக்கும் இடையே சில கல் தொலைவுதான். பக்கத்து வீட்டாரோடு தீர்க்க வேண்டிய கணக்கைத் தீர்க்க நாட்டின் நடுப்பகுதிக்குச் சென்றது போலாயிற்று. கேத்தி ரஷ்ஷுக்கோ, எதிரே நின்றது தம்மைப் பயிற்றுவித்த கல்லூரி.

1972 மார்ச் 19-ஆம் நாள் ஆட்டம் முடிந்தபோது பலகையில் நின்ற எண்கள்: இம்மாக்குலாட்டா 52, வெஸ்ட் செஸ்டர் 48. சில நாட்களுக்கு முன் 32 புள்ளியில் தோற்றவர்கள் 4 புள்ளியில் வென்றார்கள். பிலடெல்பியா விமான நிலையத்தில் அவர்களை வரவேற்க நூற்றுக்கணக்கானோர் திரண்டிருந்தனர். கல்லூரியின் பெயரைச் சுருக்கி 'மைட்டி மாக்ஸ்' என்று மக்கள் அவர்களைச் செல்லமாக அழைக்கலாயினர்.

செபமும் உழைப்பும்

இவ்வரலாற்றைச் சொல்வோர் கன்னியரின் செபத்தைத் தவறாமல் குறிப்பிடுவர். ஆட்டத்துக்கு முன் வீராங்கனைகள் கூடிச் செபிப்பது வழக்கமாக இருந்தது. முதிய கன்னியரும் அவர்களுக்காக மன்றாடினர். இது போற்றத்தக்கதே. ஆனால் குருவானவர் என்னும் முறையில் நாம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். செபமாலை சொன்னவர் பக்கம் பந்து வளையத்தில் விழும் என்று நம்புவது விசுவாசம் ஆகாது. வெஸ்ட் செஸ்டர்ப் பெண்களுக்கும் வீட்டில் செபித்த தாய்மார் இருந்திருப்பர். அவர்களும் இறைவனின் பிள்ளைகளே.

அப்படியாயின் செபம் செய்தது என்ன? முப்பத்திரண்டு புள்ளியில் தோற்ற பெண்களுக்கு, தாம் இன்னும் நேசிக்கப்படுகிறோம் என்னும் உறுதியை அது தந்தது. வென்றால்தான் மதிப்பு என்று எண்ணும் பிள்ளை, தோற்றபின் எழுவதில்லை. தோற்றாலும் தன்னை ஏற்கும் இல்லம் உண்டு என்றறிந்த பிள்ளை மறுநாளே பந்தைக் கையில் எடுக்கும். வாளி தட்டிய கன்னியர் அப்பெண்களுக்கு அளித்த பெருங்கொடை இதுவே என்பது நம் கருத்து.

திறந்த வாசல்

1973-இல் ஓர் ஆட்டமும் தோற்காமல், இறுதியில் நியூயார்க் நகரத்துக் குவீன்ஸ் கல்லூரியை 59-52 என வென்று மீண்டும் வாகை சூடினர். 1974-இல் மூன்றாம் முறை. 1975 சனவரியில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தோடு ஆடிய ஆட்டம் நாடு முழுவதும் தொலைக்காட்சியில் காட்டப்பட்டது. பெண்களின் கல்லூரிக் கூடைப்பந்துக்கு அத்தகைய வாய்ப்பு அதுவே முதன்முறை. அதே ஆண்டு பிப்ரவரியில் நியூயார்க்கின் புகழ்பெற்ற மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் ஏறத்தாழ 12,000 பேர் முன்னிலையில் அவர்களும் குவீன்ஸ் கல்லூரியும் ஆடினர். அவ்வரங்கில் பெண்கள் கல்லூரி ஆட்டம் நடந்ததும் அதுவே முதன்முறை.

இதற்கிடையில் நாட்டின் சட்டமும் மாறியது. அவர்கள் முதன்முதல் வென்ற மூன்றே மாதத்தில், 1972 சூன் 23-ஆம் நாள், கூட்டரசின் நிதி பெறும் கல்வி நிலையங்கள் ஆண் பெண் வேறுபாடு காட்டலாகாது என்னும் சட்டம் கையெழுத்தாயிற்று. 1973-இல் விளையாட்டுக்காகப் பெண்களுக்குக் கல்வி உதவித்தொகை வழங்கத் தடை நீங்கியது. பெரிய பல்கலைக்கழகங்கள் பெண்களின் விளையாட்டுக்குப் பணமும் அரங்கமும் ஒதுக்கலாயின. நாடெங்கும் சிறந்த ஆட்டக்காரிகள் உதவித்தொகை தருவோரை நாடிச் சென்றனர்.

இம்மாக்குலாட்டாவிடம் கொடுப்பதற்குப் பணம் இல்லை. 1975-இலும் 1976-இலும் இறுதியாட்டம் வரை வந்து, மிசிசிப்பியின் டெல்டா ஸ்டேட் கல்லூரியிடம் தோற்றது. 1977-இல் கேத்தி ரஷ் விடைபெற்றார். ஏழு ஆண்டுகளில் அவர் பெற்ற வெற்றி 149, தோல்வி 15. அதன்பின் அச்சிறு கல்லூரி மீண்டும் நாட்டின் முதலிடத்துக்கு வரவில்லை.

இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். பெண்களின் ஆட்டத்தை நாடு திரும்பிப் பார்க்கச் செய்தவர்களுள் இவர்கள் முன்னணியினர். அவ்வாறு திரும்பிப் பார்த்த நாடு, இவர்களால் எட்ட முடியாத செல்வத்தை அவ்வாட்டத்தில் கொட்டியது. தாம் முட்டித் திறந்த வாசலின் வழியே வலியோர் உள்ளே விரைந்தபோது, இவர்கள் ஓரமாக ஒதுங்கி நிற்க நேர்ந்தது. இதனைத் தோல்வி என்று சொல்வதா?

மெசியாவுக்கு வழி ஆயத்தம் செய்த அருளப்பரை நாம் தோற்றவர் என்று சொல்வதில்லை. தமக்குப் பின் வருபவர் பெருகத் தாம் சிறுத்தலை மகிழ்ச்சியோடு ஏற்ற பெருமை அவருடையது. இம்மாக்குலாட்டாவின் பெண்கள் பலர் பின்னாளில் பயிற்சியாளர்களாக நாடெங்கும் பரவினர். வீடு எரிந்த தெரேசா ஷாங்க், திருமணத்துக்குப்பின் தெரேசா கிரென்ட்ஸ் என்னும் பெயரில், 1982-இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகக் குழுவைத் தேசிய வாகையராக்கினார். 1992 ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் குழுவுக்கும் பயிற்சியளித்தார். 1973-இலும் 1974-இலும் வென்ற குழுக்களில் ஆடிய மரியான் ஸ்டான்லி, ஓல்டு டொமினியன் பல்கலைக்கழகத்தை மூன்று முறை முதலிடத்துக்கு அழைத்துச் சென்றார். விதை மண்ணில் மறைந்தது. கதிர்கள் வேறு வேறு வயல்களில் விளைந்தன.

2008-இல் கேத்தி ரஷ்ஷின் பெயரும், 2014-இல் அந்த மூன்று ஆண்டுகளின் குழு முழுவதும், 2022-இல் தெரேசா, மரியான் இருவரின் பெயர்களும் ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலுள்ள கூடைப்பந்துப் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றன. அவர்கள் வரலாறு 2011-இல் திரைப்படமாகவும் வெளிவந்தது.

நம் இல்லங்களுக்கு ஒரு சொல்

பெற்றோரே, இவ்வரலாற்றை உங்கள் மகளோடு அமர்ந்து வாசியுங்கள். அவள் நாட்டின் முதலிடம் பெற வேண்டும் என்பதற்காக அன்று. பதின்மூன்று வயதானதும் 'இனி உனக்கு ஆட்டம் எதற்கு?' என்று நம் இல்லங்களில் எழும் கேள்வியை நாம் மறுபடி எண்ணிப் பார்ப்பதற்காக. அண்ணன் மாலையில் பந்தோடு வெளியே போக, தங்கை சன்னலருகே நிற்கும் வீடுகள் எத்தனை! பிலடெல்பியாவின் பங்குப் பள்ளிகளில் ஒரு தலைமுறைக்கு முன்பே பெண்பிள்ளைகளுக்கு முற்றத்தைத் திறந்துவிட்டவர்கள் இல்லாவிடில், 1972-இன் வெற்றி ஏது?

அரங்கம் கட்டிய பிறகு ஆடலாம், பணம் சேர்ந்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருப்போர் காத்துக்கொண்டே இருப்பர். எரிந்த அரங்கத்தின் சாம்பலை வைத்துக்கொண்டு, கன்னியர் இல்லத்தின் அடித்தளத்தில் அப்பெண்கள் பந்தைத் தரையில் தட்டினார்கள். உங்கள் மகள் இன்று மாலை முற்றத்தில் பந்து தட்டினால், அவ்வோசை உங்களுக்கு இடையூறாக வேண்டாம். இயன்றால், ஒரு வாளியும் கோலும் எடுத்துக்கொண்டு அவள் அருகே போய் அமருங்கள்.